நம்மூர்ப் பேச்சு

விஜயராணியை முதலில் பார்த்தபோது, திருப்பூரை அடுத்த குண்டடத்துப் பக்கத்துப் பெண் என்றுதான் நானும் நினைத்தேன். எங்கள் பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் அவளுக்கு வேலை. தைத்து வரும் பனியனை விரித்து, பிசிறு நூலை வெட்டி, ஓட்டையோ கறையோ இருந்தால் தனியே எடுத்துப் போடுவாள். "அக்கட்டால தள்ளிப் போடுங்க", "எனக்குத் தெரீலீங்க", "ஊட்டுக்குப் போயித்தான் சோறாக்கோணும்" என்று அவள் பேசுவதைக் கேட்டால் யாருக்கும் சந்தேகம் வராது. தெற்குச் சீமையில் கமுதிக்கும் அப்பால், கருவேலங்காட்டுக்குள் இருக்கும் ஒரு கிராமம்தான் அவள் ஊர் என்பது எனக்கு வெகுநாள் கழித்தே தெரிந்தது.

கல்யாணமான புதிதில் புருசன் முனீசோடு திருப்பூருக்கு வந்தவள். வாடகைக்கு வீடு கேட்டுப் போன இடமெல்லாம் முதல் கேள்வி, "எந்த ஊருங்க?" முனீஸ் ஊரைச் சொல்வான். சொல்லாவிட்டாலும் அவன் வாயைத் திறந்ததுமே தெரிந்துவிடும். "ஊடு ஏற்கெனவே பேசியாச்சுங்க" என்று கதவைச் சாத்துவார்கள். மரியாதையாகத்தான் சாத்துவார்கள். மரியாதைக்கு எங்கள் பக்கத்தில் என்றுமே பஞ்சம் கிடையாது. கடைசியில் மருதாள் என்ற லைன்வீட்டுக்காரம்மா இடம் கொடுத்தார். கொடுத்த கையோடு அடுத்த வீட்டில் போய், "தெக்கத்தி ஆளுக வந்திருக்காங்க, சைக்கிளப் பூட்டி வெச்சுக்கங்க" என்று சொன்னார். குழாயடியில் குடத்தோடு நின்றிருந்த விஜயராணியின் காதில் அது விழுந்தது.

அன்றிலிருந்து மருதாளின் வாயையே பார்த்துப் பார்த்துப் படித்தாள். 'எம் புருசன்' என்பது 'என்ற ஊட்டுக்காரரு' ஆயிற்று. கேட்பதற்கெல்லாம் 'ங்க' சேர்ந்தது. உள்ளூர்ப் பெண்களைக் கூப்பிடுவது போல, காய்கறிக்காரன் அவளையும் "அம்மணி" என்று கூப்பிட்ட நாளில்தான் இந்த ஊரில் நிம்மதியாக மூச்சு விட்டதாக என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

முனீஸ் மாறவில்லை. எங்கள் கம்பெனியிலேயே டெய்லராக இருந்தான். மிஷின் ஓடும் சத்தத்தையும் மீறி அவன் குரல் செக்கிங் வரை வரும். "ஏய் மாப்ள, நூலு அந்துபோச்சுடா, எங்கிட்டுப் போய்த் தொலைஞ்சாய்ங்க எல்லாரும்?" விஜயராணி அவனிடம் எத்தனையோ தடவை மன்றாடியிருக்கிறாள். "நான் என்னத்தக் களவாண்டேன், பேச்ச மாத்திக்கிட்டுத் திரியிறதுக்கு?" என்று சிரித்துவிட்டுப் போவான்.

2007-ல் அந்த ஆர்டர் வந்தது. அமெரிக்காவில் துணி வாங்கும் ஒரு பையர், இரண்டு மாதிரி பனியன். கறுப்புப் பனியனின் நெஞ்சில் ஒரு கறுப்பின மனிதரின் முகம், அதன் கீழே 'அவர் கையில் இருந்தது போன்' என்று இங்கிலீஷில் வாசகம். நீலப் பனியனில் போலீஸ் பேட்ஜ் படம், 'எங்கள் போலீசுக்கு எங்கள் ஆதரவு' என்ற வாசகம். பையரின் மெயில்களைப் படித்துப் பதில் எழுதுவது என் வேலை என்பதால், டீ நேரத்தில் செக்கிங் சூப்பர்வைசர் கிட்டுசாமி என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்புள்ள, இந்தப் படத்துல இருக்கறது ஆரு? பாட்டுக்காரனா?"

"இல்லீங்ண்ணா. போலீஸ் சுட்டுட்ட ஆளு."

"என்ன திருடுனானாம்?"

"ஒண்ணும் திருடலீங்க. ரோட்டோரமா நின்னுட்டிருந்திருக்காரு. போலீஸ் கூப்பிட்டதும் பாக்கெட்டுல கைய விட்டிருக்காரு. துப்பாக்கியெடுக்கறாருன்னு சுட்டுட்டாங்க. பாத்தா, போனு."

கிட்டுசாமிக்கு முகம் சிவந்துவிட்டது. "நெறத்தப் பாத்துச் சுடறதா? அவனுக எல்லாம் மனுசனுகளா? படிச்ச நாடுன்னு பேரு!" அப்புறம் நீலப் பனியனைத் தூக்கிக் காட்டினார். "அப்ப இது?"

"அது போலீசுக்குப் பரிஞ்சு பேசறவங்க போடறதுங்க. போலீஸ் மேல தப்பில்ல, அவங்களும் உயிருக்குப் பயந்துதான் வேல செய்யறாங்கன்னு ஒரு கட்சி. ஊரே ரெண்டாப் பிரிஞ்சு கெடக்குதுங்களாம். கேஸு கோர்ட்டுல இருக்குது."

"அடங்கொக்கமக்கா! சுட்டவனுக்கும் நம்ம பனியன், செத்தவனுக்கும் நம்ம பனியனா?"

மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். விஜயராணி கறுப்புப் பனியனில் இருந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பேசிப் பாக்கறதுக்குக்கூட நேரமிருந்திருக்காதுங்களே. தோலு முன்னாலயே தெரிஞ்சு போயிருமில்லீங்க" என்றாள். என்ன சொல்கிறாள் என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

ஷிப்மெண்ட் நெருக்கடியில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை இருந்தது. முனீஸ் மட்டும் லீவு சொல்லிவிட்டு, தாராபுரம் ரோட்டில் இருக்கும் ஒரு சொந்தக்காரரைப் பார்க்கப் போயிருந்தான். மதியம் கம்பெனி வேன் டிரைவர் ஆறுச்சாமி செக்கிங்குக்கே வந்து நின்றார்.

"கண்ணு, உன்ற ஊட்டுக்காரன போலீஸ் ஏத்திட்டுப் போயிட்டாங்க."

காலையில் அந்தப் பக்கம் ஒரு பெண்ணின் கழுத்துச் செயினை யாரோ அறுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். பஸ் நிறுத்தத்தில் நின்றவர்களை எல்லாம் போலீஸ் விசாரித்திருக்கிறது.

"நானும் டீ குடிக்கறக்கு அங்கதான் நின்னேன் கண்ணு. எந்த ஊருன்னு என்னையும் கேட்டாங்க, சொன்னேன், போன்னுட்டாங்க. முனீசு வாயத் தொறந்தான். அவ்வளவுதான், ஜீப்புல ஏத்திப்போட்டாங்க."

விஜயராணி கிட்டுசாமியிடம் ஓடினாள். கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து, இவன் எங்கள் ஆள், இத்தனை வருசமாக எங்களிடம் வேலை செய்கிறான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், விட்டுவிடுவார்கள்.

"முதலாளி ஊர்ல இல்ல கண்ணு. எனக்கு இங்க ஷிப்மெண்ட்டு" என்றார் கிட்டுசாமி. பிறகு குரலைத் தாழ்த்தினார். "அதுவுமில்லாம போலீஸ் சும்மாவா புடிப்பாங்க? அவனுகள நம்பி நாம போயி எப்படி நிக்கறது? உன்னையச் சொல்லல. நீ நம்மூர்க்காரியாட்டம் ஆயிட்டே. வேணும்னா நீயே போயி கம்பெனி பேரச் சொல்லிக் கேட்டுப் பாரு."

அவள் போனாள். அங்கே நடந்ததை ஒரே ஒரு முறைதான் என்னிடம் சொன்னாள்.

ஸ்டேஷனில் ஏட்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவள் கழுத்தில் தொங்கிய கம்பெனி அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, "வா கண்ணு, உக்காரு. எந்த ஊரு உனக்கு?" என்றார்.

"குண்டடம் பக்கமுங்க." பழக்கத்தில் வந்துவிட்டது.

"அட, நம்ம பக்கந்தான்! கம்பெனியில அனுப்புனாங்களா, அந்த டெய்லருக்காக?"

ஆமாங்க என்றாள். புருசன் என்று சொல்லியிருந்தால் அந்த நாற்காலி இருந்திருக்காது, தன்னையும் உள்ளே தள்ளியிருப்பார்கள் என்று என்னிடம் சொன்னாள். உண்மையாக இருக்கலாம்.

"செயினு கெடச்சுதுங்களா?" என்று கேட்டாள்.

"அவங்கிட்ட ஒண்ணுமில்ல. அந்தப் பொம்பளயும் இவனில்லைங்குது. ஆனா பேச்சக் கேட்டியா? தெக்கத்திக்காரன். வேற எதிலயாச்சும் மாட்டாமயா போவான்? அதான் கொஞ்சம் விசாரிச்சோம்."

முனீசைக் கூட்டி வந்தார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான். இடது காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கிக் காய்ந்திருந்தது. விஜயராணியைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. எழுந்து ஓட நினைத்தவள், ஓடினால் எல்லாம் போய்விடும் என்று நாற்காலியின் விளிம்பைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"கம்பெனி பேர் கெடக்கூடாதுன்னுதான் உடறேன்" என்றார் ஏட்டு. "ஆனா முதலாளிகிட்டச் சொல்லு கண்ணு, இவனுகள எல்லாம் வேலைக்கு வெக்காதீங்கன்னு. பூராவும் திருட்டுப் பயலுக. தெனமும் பாக்கறவ, நீயே சொல்லு. இவனுக இப்படித்தானே?"

ஏட்டு பதிலுக்காகக் காத்திருந்தார். முனீசும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமாங்க" என்றாள் விஜயராணி.

வெளியே வந்து பஸ் ஏறும்வரை இரண்டு பேரும் தள்ளித் தள்ளியே நடந்தார்கள். பஸ்ஸில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "உன்னைய வெளிய கொண்டாரத்தேய்யா அப்பிடிச் சொன்னேன்" என்று அழுதாள். அவள் உட்கார்ந்தது அவனது இடது பக்கம். கேட்டதா என்று தெரியவில்லை. பெரியாஸ்பத்திரியில் அந்தக் காது இனித் தேறாது என்றார்கள். புகார் கொடுக்கலாம் என்று ஒரு வக்கீல் சொன்னார். கொடுத்தால், 'கம்பெனி அனுப்பிய குண்டடத்துப் பெண்' யார் என்ற கேள்விதான் முதலில் வரும். கொடுக்கவில்லை.

இரண்டு மாதிரி பனியனும் குறித்த தேதிக்குக் கப்பல் ஏறின. சில மாதம் கழித்துப் பையர் மெயில் அனுப்பினார். கோர்ட் அந்தப் போலீஸ்காரரை விடுவித்துவிட்டது, தெருவெல்லாம் ஊர்வலம், கறுப்பு, நீலம் இரண்டிலும் மறு ஆர்டர். கிட்டுசாமி நெடுநேரம் கொதித்தார். "கேக்கறக்கு நாதியில்லியா அந்த ஊர்ல?" பிறகு மூன்று பேரை ஓவர்டைமுக்கு நிறுத்தினார். அதில் முனீசும் ஒருவன்.

தையல் பக்கத்திலிருந்து இப்போது சத்தமே வருவதில்லை. முனீஸ் தலை நிமிராமல் தைக்கிறான். நூல் அறுந்தால் எழுந்து போய், "நூலு அந்துபோச்சுங்க" என்கிறான். அட்சரம் பிசகாத எங்கள் ஊர்ப் பேச்சு. "பையன் நல்லாத் திருந்திட்டான்" என்று கிட்டுசாமிக்கு ஏகத் திருப்தி. மருதாளும் அதையேதான் சொல்கிறாராம்.

வீட்டிலும் அவனுக்கு அதே பேச்சுதான் என்றாள் விஜயராணி. சோறு போட்டால், "போதுமுங்க" என்கிறான். வெளியே கிளம்பும்போது, "போயிட்டு வர்றனுங்க" என்கிறான். கோபமில்லை, குத்தலுமில்லை, கம்பெனியிலிருந்து வந்த ஒரு பெண்ணிடம் பேசுவது போல அவ்வளவு பணிவு. ஒரு நாள் தாங்க முடியாமல் அவன் தட்டைப் பிடித்துக்கொண்டு, "என்னைய ரெண்டு அடிகூட அடிய்யா. நம்ம பேச்சுல பேசு, போதும்" என்று கெஞ்சியிருக்கிறாள்.

அவன் நல்ல காதை அவள் பக்கம் திருப்பிக் கேட்டுக்கொண்டான்.

"சரிங்க" என்றான்.