தலைக்கு மேல் விரித்த புல்வெளி

பேத்துப்பாறை போகிற மலைச்சாலையோரம் என் டீக்கடை. கடைக்குப் பின்னால் அடுப்படி, அதற்குப் பின்னால் சரிவு, சரிவின் உச்சியில் ஒருவருடைய லாட்ஜ். இமயமலைக்கு ஒரே ஒரு முறை ட்ரெக்கிங் போய்வந்தவர் அவர். அன்றிலிருந்து என் கடை பெஞ்சுதான் அவருக்கு மேடை.

“பங்குனி, சித்திரையிலதான் அங்க ஆபத்து” என்பார். “அடியில பழைய பனி கல்லு மாதிரி இறுகிக் கெடக்கும். மேல புதுப்பனி. வெயில் ஏற ஏற, உருகின தண்ணி நடுவுல எறங்கும். அப்புறம் பாயை இழுத்த மாதிரி மொத்தமா வந்துரும். இங்க உள்ள ஆளுகளுக்குச் சரிவைப் பத்தி என்ன தெரியும்?”

போன கோடையில் அதே மனிதர் சரிவில் வேர்விட்டு நின்ற புதரையெல்லாம் வெட்டி எறிந்தார். களை முளைக்கக் கூடாதென்று கறுப்பு பிளாஸ்டிக் விரித்தார். அதன்மேல் மண்ணைக் கொட்டிப் புல் பதித்து, வெள்ளை நாற்காலிகளும் போட்டார். வருகிறவர்கள் உட்கார்ந்து படம் எடுக்க வேண்டுமாம். காலையும் மாலையும் தண்ணீர் வேறு.

என் மனைவி அண்ணாந்து பார்த்தாள். “சார், நீங்க சொன்ன பாயை எங்க தலைக்கு மேலயே விரிச்சிட்டீங்களே?”

“அக்கா, அது பனி. இது புல்லு.”

ஊருக்குத்தானடி உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்! இமயத்தை அளந்த வாய், தன் கொல்லைச் சரிவை அளக்கவில்லை.

கோடைமழை பிடித்தது. அடுப்படிச் சுவரில் செந்தண்ணீர் கசிந்தது. மேலே போய்ச் சொன்னேன். “வேர் பிடிச்சிரும், பயப்படாதீங்க” என்று முதுகில் தட்டி அனுப்பினார். இறங்கிவந்து அடுப்பைத் தூக்கி வாசலில் வைத்தேன். “வெரசா வாடி” என்றதும் என் மனைவி பால் சட்டியோடு முனகிக்கொண்டே வந்தாள்.

மறுநாள் மதிய மழையில் புல்வெளி இறங்கியது. ஈரத்துணியை உதறியது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். சுவர் விழுந்து, அடுப்படிக்குள் முழங்கால் உயரத்துக்கு மண்ணோடு புல், பச்சை குலையாமல். அதன்மேல் ஒரு நாற்காலி, சாயாமல் நிமிர்ந்து.

உச்சியில், பளபளத்த பிளாஸ்டிக் ஓரத்தில் நின்று அவர் எட்டிப் பார்த்தார். யாருக்கும் அடியா என்று கேட்பார் என நினைத்தேன்.

“அக்கா, சேர் ஒடையலையே?”

“ஒடையல சார். நீங்களும் அதுலயே உக்காந்து வந்திருந்தா, ஒரு டீ போட்டுக் குடுத்திருப்பேன்.”

பிறகு நாற்காலியைக் கேட்டு ஆள் அனுப்பினார். சுவரைப் பற்றி மூச்சில்லை. வந்தவனுக்கு டீ கொடுத்து என் மனைவி சொல்லி அனுப்பினாள்: “சொவரு வந்தா சேரு போகும்னு சொல்லுய்யா.”

நாற்காலி இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது.