இரண்டு தட்டுத் தட்டினால் நிறுத்து

என் மனைவி கோபித்துக்கொண்டு ஆனையூரில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குப் போய்ப் பதினோரு நாள் ஆகியிருந்தது. கோபித்துக்கொண்டு என்பது நான் ஊருக்குச் சொன்னது. நான் அடித்தேன், அவள் போனாள். திருப்பி அனுப்பலாமா என்று ஆழம் பார்க்க அவள் தம்பி வந்தான். வீட்டுக்குள் பேசினால் கத்துவேன் என்று பயந்தானோ என்னவோ, "வாங்க அத்தான், சும்மா போய்ட்டு வருவோம்" என்று திருப்பரங்குன்றம் தாண்டி ஒரு பழைய ரயில்வே ஊருக்குக் கூட்டிப்போனான்.

மீட்டர்கேஜ் காலத்துக் கல் ஸ்டேஷன். பழைய ஊழியர் வீடுகளெல்லாம் இப்போது கடைகள். ஓலைப் பெட்டி, மரச் செப்புச் சாமான், கடைசியில் ஒரு கொல்லுப்பட்டறை. துண்டுத் தண்டவாளத்தின் மேல் கொல்லர் குறட்டால் இரும்பைப் பிடிக்க, அவர் மனைவி சம்மட்டியால் அடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்களும் அடிச்சுப் பாக்கலாம்ணே" என்றார் அந்தம்மா. "இவரு சின்னச் சுத்தியலால தண்டவாளத்துல ரெண்டு தட்டுத் தட்டுவாரு. ஒடனே நிப்பாட்டிரணும். இரும்பத் திருப்பக் கை உள்ள வரும்."

சரியென்று சம்மட்டியை வாங்கினேன். நாலு அடிக்குள் மூச்சு வாங்கியது. மச்சினன் சிரித்தான்.

"இம்புட்டுத்தானா? எங்க அக்காகிட்ட மட்டுந்தான் வீரமா அத்தான்?"

சுருக்கென்று ரோஷம் ஏறிவிட்டது. ஓங்கி ஓங்கி அடித்தேன். பொறி பறந்தது. இரும்பு நசுங்க நசுங்க எனக்கு ருசியாக இருந்தது, வெட்கத்தோடுதான் சொல்கிறேன். டொக், டொக். கொல்லரின் கை உள்ளே வந்தது. என் சம்மட்டி இறங்கிக்கொண்டிருந்தது. அந்தம்மா தோளால் இடித்துத் தள்ளியதில் அது விரல்களுக்குப் பக்கத்தில், குறட்டின் மேல் விழுந்தது. குறடு எகிறிக் கொல்லரின் முழங்கையைக் கிழித்தது. ரத்தம் தண்டவாளத்தில் சொட்டியது.

பளாரென்று என் கன்னத்தில் ஓர் அறை.

"அந்தக் கை போயிருந்தா எதை வச்சுய்யா நாங்க கஞ்சி குடிக்கிறது?"

"சத்தம் கேக்கலம்மா" என்றேன்.

மச்சினன் தன் கைக்குட்டையால் கொல்லருக்குக் கட்டுப் போட்டான். பிறகு என்னைத் தெருவுக்குக் கூட்டிவந்தான். அவன் குரல் உயரவில்லை.

"அக்கா அன்னைக்கு போதும் போதும்னு கத்துச்சாம். அதுவும் கேக்கலன்னுதான சொன்னீங்க?"

அவன் பஸ் வரும் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"நான் பஸ்ல போறேன் அத்தான். அக்காவ அனுப்ப மாட்டோம்."

அவன் போனபின் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கன்னம் எரிந்தது. அவனிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். கேட்டது. இரண்டு தடவையும் நன்றாகவே கேட்டது.