சக்கரம் படாத இடம்

பத்துப் புள்ளிக்கு ஒருமுறை விரல்கள் பென்சிலைச் சீவிக்கொண்டன. இடது கை திரையில் ஓடும் வீடியோவை நிறுத்தும். முன்சக்கரம் சாலையைத் தொடும் இடத்தை வலது கை கட்டம் போட்ட தாளில் புள்ளியாக வைக்கும். வீடியோ அரை நொடி நகரும். அடுத்த புள்ளி. ஒரு பைக்குக்குப் பதினான்கு புள்ளிகள், பிறகு அவற்றைச் சேர்த்து ஒரு கோடு.

இருநூற்றுப் பதினோராவது கோட்டில் கைகள் நின்றன. எல்லாக் கோடுகளும் ஓரிடத்தில் வலப்பக்கம் ஒதுங்கி, தாண்டியதும் பழைய தடத்துக்குத் திரும்பியிருந்தன. அவை ஒதுங்கிய இடத்தில் பென்சிலே படாமல் ஒரு வெள்ளை. அளவுகோலை வைத்துக் கணக்குப் போட்டார். ஐந்தரை அடி நீளம். இரண்டடிக்குச் சற்றுக் குறைவான அகலம். ஒரு முனை குறுகியிருந்தது.

தங்கராசு சிதம்பரத்தில் சாலை ஆய்வுக்கூடம் ஒன்றில் பதினேழு வருடமாக டெக்னீஷியன். காடாம்புலியூர்ப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருந்த குடும்பம். படிப்பு பத்தாவதோடு சரி. தார் எந்தச் சூட்டில் இளகும், கேமராவை எந்தக் கோணத்தில் கட்டவேண்டும் என்பதெல்லாம் செய்து செய்து கற்றது. வண்டிகளைக் கம்ப்யூட்டர் எண்ணித் தந்தாலும், ஒரு மணி நேர வீடியோவையாவது கையால் போட்டுப் பார்க்காமல் நம்பமாட்டார்.

இந்த முறை பிழை அவருடையது. ஆலப்பாக்கம் தாண்டி ஒரு வளைவில் கேமரா கட்டிய முதல் வாரம், சாலையின் இடது ஓரத்தில் ஏதோ கறுப்பாகத் தெரிந்தது. 'லென்ஸில் அழுக்கு' என்று பதிவேட்டில் எழுதினார். அவர் எழுதியதை யாரும் மறுபடி சரிபார்ப்பதில்லை. ஆய்வு மாணவி சமீரா அந்த இடத்தைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டாள். அதனால் பைக்குகள் அங்கே பஸ் தடத்துக்குள் ஒடிப்பது எந்த அட்டவணையிலும் வரவில்லை. ஆறு பைக்குகள் பஸ்ஸில் மோதாமல் ஒரு சாண் இடைவெளியில் தப்பியிருந்தன. எந்த மூன்று இடங்களைச் சரிசெய்வது என்று திங்கட்கிழமை கடலூரில் கூட்டம் போட்டு முடிவுசெய்வார்கள். சமீராவின் பட்டியலில் அந்த வளைவு இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் பைக்கில் கிளம்பினார். அந்த இடத்தின்மேல் ஏற்றியே போவது என்று முடிவுசெய்து, ஹேண்டில்பாரை நேராகப் பிடித்தபடி கடந்தார். வண்டியை நிறுத்திவிட்டு நடந்து திரும்பிவந்தார்.

அது லென்ஸ் அழுக்கு இல்லை. பங்குனியில் போட்ட சாலை, சக்கரங்கள் தேய்த்துத் தேய்த்து ஜல்லி வெளிறிச் சாம்பல் நிறமாகியிருந்தது. ஓரிடத்தில் மட்டும் போட்ட அன்றைய தார் அப்படியே கறுப்பாக. அந்தக் கறுப்புக்குத் தோள் இருந்தது. குனிந்து தொட்டுப் பார்த்தார். சுற்றிலும் வழுவழுப்பு, அங்கே மட்டும் சொரசொரப்பு.

எதிரே டீக்கடை வைத்திருந்த இருசம்மாளிடம் விசாரித்தார். தையில் ஒருவர் அங்கே அடிபட்டுச் செத்ததையும், போலீஸ் உடலைச் சுற்றிச் சாக்பீஸ் கோடு போட்டதையும், அன்றிலிருந்து ஊர்க்காரர்கள் அதன்மேல் வண்டி விடாததையும் அந்தம்மா டீ ஆற்றிக்கொண்டே சொன்னாள்.

"அதுக்கப்புறம் புது ரோடே போட்டாச்சே. கோடு ஏது?"

"கோடு இல்லதான் சார். எங்க ஆளுங்க ஒதுங்குறாங்க. பின்னாடி வர்றவன் அதப் பாத்து ஒதுங்குறான். இப்ப வெளியூர்க்காரந்தான் ஜாஸ்தி." டம்ளரை நீட்டினாள். "நீங்களும் ஒதுங்கித்தான வந்தீங்க."

"இல்லம்மா. மேலயேதான் ஏத்திட்டு வந்தேன்."

"சரி சார்," என்று சிரித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை ஆய்வுக்கூடத்தில் ஆளில்லை. வெள்ளிக்கிழமை வீடியோவை ஓட்டி, தன் பைக்கைக் கண்டுபிடித்து, புள்ளி வைத்தார். ஐந்தாவது புள்ளி நகர்ந்திருந்தது. ஆறாவது இன்னும் வலப்பக்கம். திரையிலிருந்த ஆள் தலையைத் திருப்பவில்லை, வேகம் குறைக்கவில்லை. கைகள் மட்டும் ஹேண்டிலை ஒடித்திருந்தன. தங்கராசு பென்சிலைக் கீழே வைத்துவிட்டுத் தன் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிவப்புப் பென்சிலை எடுத்து அந்தக் கோட்டை முடித்தார்.

திங்கட்கிழமை காலை, கடலூர் கிளம்ப நின்ற சமீராவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் தாளை மேசையில் விரித்து வெகுநேரம் பார்த்தாள்.

"அண்ணே, இதச் சேத்தா உங்க குறிப்பு தப்புன்னு ரிப்போர்ட்ல வரும்."

"வரட்டும்மா. யாரு எழுதுனதுன்னு என் பேரையும் போடு."

"இந்த ஒரு கோடு மட்டும் ஏன் சிவப்பு?"

"அது என் வண்டி. நேராப் போனேன்னு எங்க வேணா சத்தியம் பண்ணியிருப்பேன்."

அவள் பட்டியலில் மூன்றாவது இடத்தை அடித்துவிட்டு, வளைவின் கிலோமீட்டர் எண்ணை எழுதினாள். தங்கராசு தாளின் மூலையில் கையெழுத்துப் போட்டுத் தேதியிட்டார். கசங்காமல் சுருட்டி, நூல் சுற்றி, அவளிடம் நீட்டினார்.