பன்னிரண்டு வருடத்தில் பதினோரு நாள்

லிஃப்ட்காரர் என்றால்தான் அவரைத் தெரியும். முப்பது வருடமாக லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். மூன்று வீடுகளுக்குச் சொந்தக்காரர்; குடியிருப்பதோ ஒற்றை அறையில், வாடகைக்கு. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் மூக்கில் இடிக்கும்.

"மூணு வாடகையும் முழுசா கைக்கு வந்துட்டா, யாரும் என்னை வேலை ஏவ முடியாது. அதுதான்டி சுதந்திரம்!"

"வரட்டும் உங்க சுதந்திரம். வந்தா எங்க உட்கார வைப்பீங்க? இங்க நாம ரெண்டு பேரும் ஒண்ணா திரும்பிப் படுக்கவே இடமில்ல," என்பாள் மனைவி.

கடைசி வீட்டுக் கடனும் அடைந்தது. பட்டை கட்டாமல் முழங்கால் ஒரு படி ஏறாது என்ற நிலையில், மாதக் கடைசியில் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து இரண்டாவது வீடு காலியானது. மனைவி பெருக்கிக்கொண்டிருந்தபோது, புதிதாகக் குடிவர இருந்த தம்பதியை அவர் அழைத்துவந்தார்.

"இங்க வெயில் வருமாக்கா?" என்றாள் அந்தப் பெண்.

"ஆறரைக்கு அந்தத் தண்ணித் தொட்டிக்குப் பின்னால எட்டிப் பார்க்கும். ஏழுக்கு மூணாவது டைல்ஸ். எட்டுக்கு இந்த முக்காலியில உட்கார்ந்தா, மடியில ஏறிக்கும்."

லிஃப்ட்காரர் திகைத்தார். "உனக்கெப்படித் தெரியும்?"

"வீடு காலியாகும்போதெல்லாம் விடியறதுக்கு முன்னாடியே பெருக்க வந்துடுவேனே. முடிச்சுட்டு உட்காருவேன். பன்னிரண்டு வருஷத்துல பதினோரு நாள்."

எண்ணி வைத்திருக்கிறாள்! அவர் அவளைச் சமையலறைக்கு இழுத்துப் போனார்.

"நாமளே இங்க வந்துடலாம். இந்த வாடகை போனா போகுது. இன்னும் நாலு வருஷம் வேலை பார்த்துடறேன்."

சொல்லும்போதே அவர் கை முழங்காலைத் தடவியது. திரைச்சீலையின் நிறம்வரை ஒரு கணம் மனத்தில் பார்த்துவிட்ட அவள், அந்தக் கையைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது, சிரித்துவிட்டாள்.

"உங்களைக் கூப்பிடறதே லிஃப்ட் ஓடாத கட்டடத்துக்கு. ஏழு மாடி யாரு தூக்கிட்டுப் போறது, நானா?"

வெளியே வந்து, சாவியை அந்தப் பெண்ணின் கையில் வைத்து மூடினாள். "முக்காலி மட்டும் ஜன்னலடியிலயே கிடக்கட்டும்மா. ஓரமா எடுத்து வெச்சுடாதே."

வேலையை விட்ட மறுநாள், ஒன்றாம் தேதி காலை. ஒற்றை அறையில் சுவரைப் பார்த்தபடி டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். மணி ஏழானது.

"மூணாவது டைல்ஸ்," என்று அவள் உதடு முணுமுணுத்தது.

தினமும் சொல்வதுதான். அந்த நேரத்தில் அன்றுதான் முதல்முறையாக அவர் வீட்டில் இருந்தார். காதில் விழுந்துவிட்டது.