சங்கரா மீனும் என் விளக்கவுரையும்

அரசுக் கல்லூரியில் விலங்கியல் கற்பித்து, துறைத்தலைவராக ஓய்வு பெற்றவன் நான். நெல்லித்தோப்பில் எங்கள் தெருவினர் எதிலேனும் ஐயம் எழுந்தால் என்னிடம் கேட்டுத் தெளிவது வழக்கம். ஆழிப்பேரலை வரும்வரை அவ்வழக்கத்துக்குக் குறைவு நேர்ந்ததில்லை.

அதன் பின்னர், கடல் மீன்கள் பிணம் தின்றவை, உண்டால் நோய் வரும் என்ற பேச்சு நகரெங்கும் பரவியது. வீராம்பட்டினத்திலிருந்து ஆண்டுக்கணக்காக எங்கள் தெருவுக்கு வரும் மீன்காரம்மாள், கொண்டுவந்த கூடையை அப்படியே சுமந்து திரும்பினார். அலையில் வீட்டையும் மாமியாரையும் இழந்தவர். அந்தக் கூடை விற்றால்தான் அவர் வீட்டில் உலை கொதிக்கும்.

நான் தெருவினரை வாசலில் நிறுத்தி, கடலின் பரப்பையும் மீன்களின் உணவுப் பழக்கத்தையும் விளக்கினேன். மரியாதையோடு கேட்டார்கள். பிறகு கோழிக்கடைக்குப் போனார்கள். என் மனைவியும் போனாள்.

“நோய் வராதுன்னு இன்னும் எப்படித்தான் சொல்றது?” என்று அவளிடம் கேட்டேன்.

“நோய்க்கு யாரு பயந்தா? அந்தக் கடல்லதான அவங்க மாமியாரும் போனாங்க. அதுல புடிச்சத நான் எப்படிங்க வாயில வைப்பேன்?”

இத்தனை நாள் நான் மறுத்துவந்தது அவள் சொல்லாத ஒன்றை.

மறுநாள் மீன்காரம்மாள் வந்தபோது, மனைவி அதையே அவரிடமும் தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டாள். அவர் கூடையை இறக்கி வைத்தார்.

“எம் மாமியாருக்கு சங்கரா மீனுன்னா உசுரும்மா. காரியத்தன்னிக்கு அதத்தான் கொழம்பு வச்சி எல போட்டேன். கத்திரிக்கா கொழம்பு வச்சிருந்தா அது என்னிய சும்மா உட்டிருக்குமா? படைச்சிட்டு நாங்களும் துன்னோம். அழுதுக்கினேதான் துன்னோம்.”

மனைவி உள்ளே சென்று சட்டியை எடுத்துவந்தாள்.

“சங்கரா இருக்கா? பெருசா பாத்துப் போடு.”

“சாரு நடத்துன பாடம் இப்பத்தான் ஏறிச்சா ஒங்களுக்கு?” என்று சிரித்தார் மீன்காரம்மாள்.

“அவரு பாடம் காலேஜ் பசங்களுக்கு,” என்றாள் மனைவி, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி.

எதிர்வீட்டாரும் பக்கத்து வீட்டாரும் இதை வாசலில் நின்று கேட்டிருந்தனர். அந்த வாரமே அவர்களும் ஒவ்வொருவராகக் கூடையை இறக்கச் சொன்னார்கள்.

என் விளக்கவுரை தெருவைத் திருத்தியதாகவும், வாசலில் நின்று நானே முதலில் மீனை உண்டு காட்டியதாகவும் சிலர் இன்றளவும் கூறிவருகின்றனர். இரண்டும் உண்மையல்ல. முதலில் உண்டவள் என் மனைவி, சமையலறையில், தனியாக.