சிதம்பரத்தில் எனக்கு வராத தலைவலி

இல்லை, சிதம்பரம் போன அந்த நாள்வரை நான் சங்கத்தில் சேரவில்லை. சேரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். ஐரோப்பாவில் சொந்த விருப்பத்துக்காகச் சிறு விமானம் ஓட்டுபவர்களுக்காக வாதாடும் சங்கம் அது. ஆண்டுச் சந்தா, வாடகை விமானத்தில் ஒரு மணி நேரம் பறக்கும் செலவைவிடக் குறைவு. பணம் தடையில்லை. கோபம்தான் தடை.

எனக்கு ஜெர்மனியில் வேலை. ஊருக்கு வெளியே புல்தரை ஓடுபாதை ஒன்றில், இரண்டு பேர் உட்காரும் விமானம் ஓட்டக் கற்று உரிமம் வாங்கினேன். பிறகு அப்பா இறந்தார். கடலூருக்கு வந்து தங்கிய மாதங்களில் தூக்கம் போய்விட்டது. சிதம்பரத்தில் ஒரு மருத்துவரைப் பார்த்துப் பேசினேன். சரியாயிற்று. திரும்பிப் போய்ப் பறந்தேன்.

சென்ற ஆண்டு மருத்துவச் சான்றைப் புதுப்பிக்கும்போது ஒரு கேள்வி: மனநலத்துக்காக யாரையாவது பார்த்ததுண்டா? உண்டு என்று எழுதினேன். சான்று நின்றுவிட்டது. அது இல்லாமல் பறக்க முடியாது. சிகிச்சை தந்தவரின் அறிக்கை வேண்டுமாம்.

எங்கள் கிளப்பில் ஒரு மூத்த விமானி, காபியைக் கலக்கியபடியே, அதை ஏன் எழுதினாய் என்று கேட்டார். நாங்கள் யாரும் எழுதுவதில்லையே என்றார். அவர் அந்தச் சங்கத்தில் பழைய உறுப்பினர். இவர்களோடா சேர்வது? சங்கமோ, மனநலச் சிகிச்சை என்றாலே சான்றை நிறுத்தும் விதியை மாற்றப் போராடுவதாக மின்னஞ்சல் அனுப்பியது. பாதிக்கப்பட்டவர்கள் உறுப்பினராகி விவரம் தரலாம். பெயரை மறைத்துக்கொள்ளலாம்.

மறைத்து. உண்மையைச் சொன்னவள் நான். ஒளிய வேண்டியவளும் நானா?

அறிக்கை வாங்கத்தான் இந்தப் பயணம். பிப்ரவரி, வெள்ளிக்கிழமை. கடலூர் பேருந்து நிலையத்தில் காலை எட்டு மணி. மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து குணா மாமா வந்திருந்தார். அம்மாவின் தம்பி. அந்த மருத்துவர் அவருக்குத்தான் பழக்கம்.

சிதம்பரம் நாற்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள்: தனியார் பேருந்தில் சிதம்பரம் டிக்கெட்டுக்குத்தான் முதலில் இடம். வழியில் இறங்குபவர்கள் வண்டி புறப்படும்வரை கீழே நிற்க வேண்டும். அன்று வழியில் புதுச்சத்திரத்தில் இறங்கும் ஐந்தாறு பெண்கள் நின்றார்கள். கண்டக்டர் கையால் தடுத்தார். ஒருத்தி கூடையைப் படியில் வைத்துவிட்டு, "நாங்க ஏறாம வண்டி எப்புடிப் போவுதுன்னு பாக்கறேன்" என்றாள். மற்றவர்களும் அவள் பக்கத்தில் வந்து நின்றார்கள். கண்டக்டர் முனகிக்கொண்டே கையை எடுத்தார்.

குடிகாடு வருவதற்கு முன்பே எல்லோரும் ஜன்னலைச் சாத்துகிறார்கள். யாரும் எதுவும் சொல்வதில்லை. ரசாயன ஆலைகளின் வாடை போனதும் திறக்கிறார்கள். பழக்கம்.

சிதம்பரத்தில் ஷேர் ஆட்டோ, ஆளுக்கு இருபது ரூபாய். சந்துக்குள் சிறிய கிளினிக். அரை மணி நேரம் காத்திருந்தோம். மருத்துவருக்கு என்னை நினைவிருந்தது. பழைய கோப்பை எடுத்து என் பக்கம் திருப்பினார்.

ஒற்றைத் தலைவலி. அடிக்கடி மயக்கம்.

மூன்று முறை படித்தேன். எனக்குத் தலை வலித்ததே இல்லை. மயங்கியதும் இல்லை. அப்பா போன அந்த மாதங்களில் அழுதேன். தூங்கவில்லை. கோப்பில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

"உங்க மாமாதாம்மா கேட்டுக்கிட்டாரு" என்றார் மருத்துவர். "பொண்ணுக்கு வரன் வருது, வேற மாதிரி எழுதாதீங்கன்னு. இங்க எல்லாப் பொண்ணுங்களுக்கும் அப்படித்தான் எழுதறது. நல்லதுக்குத்தான்."

மாமா சுவரைப் பார்த்தார். "தலவலிதான? தலவலி யாருக்கு வராது?"

"மயக்கம் வர்றவ கையில யாரு மாமா விமானத்தக் குடுப்பாங்க?"

"நீ என்னா எரநூறு பேர ஏத்திக்கிட்டா போற? ரெண்டு பேரு உக்கார்ற டப்பா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. துக்கம் என்று எழுதியிருந்தால் என்றாவது ஒருநாள் சான்று கிடைக்கலாம். மயக்கம் என்று எழுதிய காகிதத்தோடு போனால் அந்தக் கதவு அடைபட்டுவிடும். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து அடைத்திருக்கிறார்கள். அங்கே கிளப்பில் காபி கலக்கியவர் சொன்னதும் மறை என்பதுதான். மொழிதான் வேறு.

உண்மையை எழுதித் தாருங்கள் என்றேன். மருத்துவர் பேனாவை மூடினார். "நானே எழுதுனத நானே தப்புன்னு எழுதணும். அப்புறம் என் பேரு என்னாவறது?"

நான் குரலை உயர்த்திவிட்டேன். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். என் பேர் என்னாகும் என்று அன்றைக்கு யாராவது என்னைக் கேட்டீர்களா? என் உடம்பில் இல்லாத நோயை எழுத, என்னைத் தவிர எல்லோரிடமும் கேட்டிருக்கிறீர்கள்.

பிறகு மாமா நாற்காலியை முன்னால் இழுத்தார்.

"நான் சொல்லித்தான் எழுதுனீங்கன்னு போடுங்க டாக்டர். கீழ நான் கையெழுத்துப் போடறேன். வரனும் ஒண்ணும் அமையல."

மருத்துவர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பேனாவைத் திறந்தார். தந்தையை இழந்த துக்கம், தூக்கமின்மை, பேச்சுவழிச் சிகிச்சை, முழுக் குணம். முந்தைய பதிவு குடும்பத்தார் வேண்டியதால் மாற்றி எழுதப்பட்டது. கீழே இரண்டு கையெழுத்துகள்.

இதனால் சான்று கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. பொய்ப் பதிவு என்று சொல்லி இன்னும் தள்ளிப்போடலாம். உரிமம் போனாலும் போகலாம்.

இதே வேலையாக வருபவர்களுக்குச் சில குறிப்புகள். கிளினிக் மதியம் ஒரு மணிக்கு மூடிவிடும், ஒன்பதரைக்குள் போய்விடுங்கள். உங்கள் கோப்பை அங்கேயே உட்கார்ந்து வரிவரியாகப் படியுங்கள். உங்களுக்கு என்ன என்று நீங்களே சொல்லுங்கள். உடன் வருபவரைப் பேச விடாதீர்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதுதான் கஷ்டம். வேலை முடிந்ததும் இட்லியும் கத்திரிக்காய்க் கொத்சும் சாப்பிடுங்கள். மாமாதான் காசு கொடுத்தார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பேசவும் இல்லை.

திரும்பும்போது யோசித்தேன். சங்கத்தில் இருப்பவர்களில் பாதிப்பேர் மறைத்தவர்கள். அதனால் சேர மாட்டேன் என்றிருந்தேன். ஆனால் மறைக்காத ஒருத்தியின் பேர் அந்தப் பட்டியலில் இல்லாவிட்டால், உண்மையைச் சொல்லி மாட்டிக்கொண்டவர் யாருமே இல்லை என்றுதான் மேலே விதி போடுபவர்கள் நினைப்பார்கள்.

குடிகாடு வந்தது. மாமா ஜன்னலைச் சாத்தினார். நான் கைபேசியில் சந்தாவைக் கட்டிச் சேர்ந்தேன். பெயரை மறைக்கவா என்று கேட்டிருந்த இடத்தில் வேண்டாம் என்று குறித்து, முழுப் பெயரையும் எழுதி அனுப்பினேன்.