பக்கத்து வீட்டுப் புன்னைக் கிளை

சதுரங்கப்பட்டினத்தில் வீடு கட்டியபோது, காலில் மணல் ஒட்டக்கூடாதென்று வாசல் முழுக்க சிமெண்ட் போட்டோம். பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா மணலை அப்படியே விட்டுப் புன்னை வைத்தார். இப்போது வருகிறவர்களெல்லாம் அங்கே நின்றுதான் போட்டோ எடுக்கிறார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. நேற்று, இலையே விழாத நாளில், "அக்கா, உங்க மரத்துக் குப்ப எங்க வாசல்ல கொட்டிகினே கீது" என்றேன்.

"அய்யே, முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றவர், இன்று காலை ஆள் வைத்து எங்கள் பக்கக் கிளையை வெட்டிவிட்டார்.

மதியம் என் வாசலில் கால் வைக்க முடியவில்லை. ஸ்கூட்டர் சீட் தோசைக்கல்லாய்க் கொதித்தது.

மரத்தடியிலிருந்து அக்கா கூப்பிட்டார்: "இங்க வாம்மா, ஜில்லுனு கீது."

போய் உட்கார்ந்தேன். வயிறு இன்னும் எரிகிறது.

வெட்டிய கிளை சீக்கிரம் துளிர்க்க என்ன உரம் போடலாம்? அக்காவுக்குத் தெரியாமல் போட வேண்டும்.